கட்டடங்களின் வெம்மையும் தண்மையும்

வெயிலினின்றும் மழையினின்றும் தன்னைக் காத்துக்கொள்ளவே மனிதன் முதன்முதலில் கூரை வேய்ந்தான். காலம் செல்லச் செல்ல, கூரையும் சுவரும் மட்டும் போதா என்பதை அவன் உணர்ந்தான். உள்ளே வெம்மை மிகுந்தால் அதைத் தணிக்க வேண்டும். குளிர் மிகுந்தால் அதைப் போக்க வேண்டும். பலர் கூடி மூச்சுவிடும் இடத்தில் பழைய காற்று வெளியேறிப் புதிய காற்று புக வேண்டும். நம் முன்னோர் கட்டிய நாற்சார் வீடுகளில் நடுமுற்றமும் தாழ்வாரமும் ஓலைக் கூரையும் இப்பணியை ஓரளவு செய்தன. எஞ்சியதை வீட்டிலுள்ளோர் செய்தனர். வெக்கை மிகுந்தால் யன்னலைத் திறந்தனர். சாரல் அடித்தால் மூடினர். அவ்வீடுகளின் கட்டுப்பாட்டுக் கருவி மனிதனின் உடலும் கையுமே.

ஆனால், பல மாடிகளும் நூற்றுக்கணக்கான அறைகளும் கொண்ட இக்காலக் கட்டடத்தில் இது இயலாது. கிழக்குப் பக்கத்து அறையில் காலை வெயில் ஏறும்போது மேற்குப் பக்கத்து அறை தண்மையாக இருக்கும். கூட்டம் நிறைந்த மண்டபத்தில் வெப்பம் ஏறும்போது அடுத்த அறை வெறுமையாகக் கிடக்கும். இவற்றையெல்லாம் ஓர் ஆள் ஓடியோடிக் கவனித்தல் முடியாத செயல். ஆகவே, வெப்பமூட்டலும் காற்றோட்டமும் வளிச்சீராக்கமும் தாமே தம்மை அளந்து, தாமே தம்மைத் திருத்திக்கொள்ளும் வகையில் அமைக்கப்படுகின்றன. மக்கள் வழக்கில் 'ஏசி' எனப்படும் பொறியை அறியாதார் இன்று அரியர். எனினும், அதனை ஆளும் கட்டுப்பாடு எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிலரே அறிவர். அக்கட்டுப்பாடு பிழைத்தால் பணம் வீணாகும். சில வேளைகளில் உயிரும் போகும். இதனை வரலாறு காட்டியுள்ளது.

முதலில் மனித உடலை நோக்குவோம். உடலின் உட்புற வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. அமைதியாக அமர்ந்திருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல், ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை இடைவிடாது வெளியிடுகின்றது. முப்பது பேர் கூடிய அறையில் மூவாயிரம் உவாற்று அடுப்பொன்று ஓயாது எரிவதற்கு அது சமம். இவ்வெப்பத்தை உடல் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுக்கின்றது. போதாதவிடத்து வியர்வையை ஆவியாக்கிக் குளிர்கின்றது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாதல் தடைப்படும். கொழும்பில் 30 பாகை வெப்பம் புழுக்கமாகத் தோன்றுவதும், அதே 30 பாகை ஒரு வறண்ட நாட்டில் அத்துணைத் துன்பம் தராததும் இதனாலேயே. எனவே, நல்ல உட்காற்றுக்கு மூன்று அளவுகள் செம்மையாக இருத்தல் வேண்டும்: வெப்பநிலை, ஈரப்பதன், புதுக்காற்றின் வரவு. இம்மூன்றையும் மனிதன் ஒரே நாளில் கட்டுப்படுத்தக் கற்றானல்லன். ஒன்றன்பின் ஒன்றாகவே கற்றான்.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் ஓர் ஆசிரியருக்குச் சிறப்பான இடமுண்டு. அவர் பெயர் வாரன் ஜோன்சன். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைற்வோட்டர் என்னும் ஊரிலிருந்த ஆசிரிய கலாசாலையில் அவர் பேராசிரியராகப் பணியாற்றினார். குளிர்காலத்தில் அக்கட்டடத்தின் நிலவறையிலிருந்து வெப்பம் அறைகளுக்குச் செலுத்தப்பட்டது. எந்த அறை குளிர்ந்துள்ளது, எது சூடேறியுள்ளது என்பதை அறிய, கட்டடப் பணியாளர் ஒருவர் மணிக்கொருமுறை ஒவ்வொரு வகுப்பறையினுள்ளும் நுழைந்து வெப்பமானியைப் பார்த்துச் செல்வார். பின்னர் கீழே இறங்கி, சூடான காற்றுச் செல்லும் வழிகளிலுள்ள தகட்டுக் கதவுகளைத் திறப்பார் அல்லது மூடுவார். அவர் நுழையுந்தோறும் பாடம் தடைப்பட்டது. அவர் வந்து போனபின் அடுத்த மணிநேரம் வரை மாணவர் குளிரிலோ வெக்கையிலோ இருக்க நேர்ந்தது.

இதற்கு முடிவுகாண விரும்பிய ஜோன்சன், அறையின் வெப்பநிலை மாறும்போது மின்சுற்று ஒன்றை மூடி, நிலவறையில் மணியொலிக்கச் செய்யும் கருவியை அமைத்தார். 1883 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். மணியொலி கேட்ட பணியாளர் வகுப்பினுள் வராமலே கதவைத் திருத்தினார். 1885 இல் ஜோன்சன் மில்வோக்கி நகரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, 1895 இல், அமுக்கப்பட்ட காற்றின் விசையாலேயே வால்வுகளும் கதவுகளும் அசையும்படியான முறைக்கும் காப்புரிமை பெற்றார். இப்போது இடையில் மணியும் வேண்டியதில்லை, பணியாளரும் வேண்டியதில்லை. ஒவ்வோர் அறையும் தன் தேவையைத் தானே தெரிவித்து, தானே நிறைவேற்றிக்கொண்டது.

இக்கதையில் கட்டுப்பாட்டுக் கலையின் அடிப்படை முழுவதும் அடங்கியுள்ளது. எந்தக் கட்டுப்பாட்டு முறைக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது உணர்கருவி; அது உள்ள நிலையை அளக்கின்றது. இரண்டாவது கட்டுப்படுத்தி, அது உள்ள நிலையை வேண்டிய நிலையோடு ஒப்பிட்டு, வேறுபாடு எவ்வளவு என்று கண்டு, ஆணை பிறப்பிக்கின்றது. மூன்றாவது இயக்கி, அது ஆணையை ஏற்று வால்வைத் திருப்புகின்றது, கதவை அசைக்கின்றது, அல்லது பொறியை இயக்குகின்றது. அச்செயலால் அறையின் நிலை மாறுகின்றது. மாறிய நிலையை உணர்கருவி மீண்டும் அளக்கின்றது. இவ்வாறு விளைவே திரும்பிவந்து காரணத்தைத் திருத்துவதைப் பின்னூட்டல் என்பர். வைற்வோட்டரில் முதலில் இம்மூன்று பணிகளையும் ஒரு மனிதரே செய்தார்: அவர் கண் உணர்கருவி, அவர் மூளை கட்டுப்படுத்தி, அவர் கை இயக்கி. ஜோன்சன் அம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் கருவிகளிடம் ஒப்படைத்தார்.

இக்கருத்து அவருக்கு முன்னரும் இருந்ததே. ஒல்லாந்தரான கொர்னேலிசு திறெபெல் என்பவர், 1620 ஆம் ஆண்டளவில், முட்டை பொரிக்கும் அடுப்பொன்றில் இத்தகைய ஏற்பாட்டைச் செய்திருந்தார். வெப்பம் மிகும்போது குழாயிலிருந்த மதுசாரம் விரிந்து இரசத்தைத் தள்ளும். அது அடுப்பின் காற்றுவழியை மூடும். தீ தணிந்ததும் வழி மீண்டும் திறக்கும். 1830 இல் அந்திரூ யூர் என்னும் ஸ்கொத்லாந்து விஞ்ஞானி, இரண்டு உலோகங்களை ஒட்டி ஆக்கிய சட்டத்தைப் பயன்படுத்தும் வெப்பநிலைநிறுத்திக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்த ஈருலோகச் சட்டம் மிக எளிய கருவி. பித்தளைக் கீலமொன்றையும் உருக்குக் கீலமொன்றையும் நீளவாக்கில் ஒட்டினால், வெப்பம் ஏறும்போது பித்தளை கூடுதலாக விரியும். உருக்கு குறைவாக விரியும். ஒட்டியிருக்கும் காரணத்தால் தனித்தனியே நீள இயலாது. ஆகவே சட்டம் உருக்கின் பக்கமாக வளையும். அவ்வளைவு மின்சுற்றைத் திறக்கவோ மூடவோ செய்யும். மின்னழுத்தியிலும் இதே கருவி இருப்பதை நேயர் பலர் கண்டிருப்பர். இன்று பெரும்பாலும் வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் சிறு மணிகளே உணர்கருவிகளாகப் பயன்படுகின்றன. எனினும், அவை ஆற்றும் தொழில் அதுவே.

இனி, கட்டுப்படுத்தி எவ்வாறு ஆணையிடுகின்றது என்பதை நோக்குவோம். மிக எளிய முறை, இயக்கு அல்லது நிறுத்து என்னும் இருநிலை முறை. 24 பாகை வேண்டுமெனக் குறித்தால், அதற்கு மேல் ஏறியதும் குளிரூட்டும் பொறி இயங்கும், இறங்கியதும் நிற்கும். ஆனால், இங்கு ஓர் இடர் உண்டு. சரியாக 24 பாகையிலேயே இயங்கலும் நிற்றலும் நிகழுமாயின், வெப்பநிலை ஓர் அணுவளவு ஏற இறங்கப் பொறி நிமிடத்திற்குப் பலமுறை இயங்கி நிற்கும். தொடங்குந்தோறும் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும் மோட்டர் விரைவில் பழுதாகும். ஆகவே, இயங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் இடையே ஓர் இடைவெளி வைக்கப்படுகின்றது. 25 பாகையில் இயங்கத் தொடங்கி, 24 பாகையில் நிற்கும்படி அமைத்தல் இதற்கு எடுத்துக்காட்டு. இடைவெளி சிறிதாயின் பொறி தேயும். பெரிதாயின் அறையிலுள்ளோர் ஒருகால் புழுங்குவர், ஒருகால் நடுங்குவர்.

இரண்டாவது இடர், காலத்தாழ்வு. வயலுக்கு நீர் பாய்ச்சும் கமக்காரனை எண்ணிப் பார்க்கலாம். தலைமடையைத் திறந்தபின் கடைவரப்பு வரை நீர் சென்றடைய நேரம் செல்லும். கடைசிப் பாத்தி நிறைந்த பின்புதான் மடையை அடைப்பேன் என்று அவன் இருப்பானாயின், அடைத்த பின்னும் வாய்க்காலில் உள்ள நீர் ஓடிவந்து வரப்பை உடைக்கும். அனுபவமுள்ள கமக்காரன் முன்னதாகவே மடையை அடைப்பான். கட்டடத்திலும் இவ்வாறே. வெந்நீர்க் குழாய்கள் சூடேறவும், சுவர்கள் வெப்பம் உறிஞ்சவும் நேரம் செல்லும். அறை வேண்டிய நிலையை அடைந்ததும் கொதிகலனை நிறுத்தினாலும், குழாய்களில் எஞ்சிய வெப்பம் அறையை மேலும் சூடாக்கும். அறை மிகைபட ஏறி, மிகைபட இறங்கி, ஓயாது அலையும். இயந்திரவியலார் இதனை வேட்டையாடல் என்பர். இலக்கைத் துரத்தியும் பிடிக்காமல் அங்குமிங்கும் ஓடுவதால் அப்பெயர் வந்தது.

இதனைத் தவிர்க்கவே படிமுறைக் கட்டுப்பாடு தோன்றியது. இதில் வால்வு முழுதும் திறத்தல், முழுதும் மூடல் என்னும் இரண்டோடு நில்லாது, வேறுபாட்டின் அளவுக்கு ஏற்பத் திறக்கும். வேறுபாடு பெரிதாயின் அகலத் திறக்கும். சிறிதாயின் சிறிதே திறக்கும். இதனை விகிதசமக் கட்டுப்பாடு எனலாம். ஆயினும், இம்முறையில் ஒரு சிறு குறை எஞ்சும். வால்வு சற்றேனும் திறந்திருக்க வேண்டுமாயின் சற்றேனும் வேறுபாடு இருந்தே ஆக வேண்டும்; ஆகவே, அறை இலக்கை நெருங்குமேயன்றி எய்தாது. இக்குறையை நீக்க, நெடுநேரம் நீடித்த வேறுபாட்டைக் கூட்டிக் கணக்கிட்டு, அதற்கேற்ப ஆணையைத் திருத்தும் இரண்டாம் முறை சேர்க்கப்படுகின்றது. வேறுபாடு எத்துணை விரைவாக மாறுகின்றது என்று கண்டு முன்கூட்டியே செயற்படுவது மூன்றாம் முறை. சுருங்கக் கூறின், முதலாவது நிகழ்காலத்தையும், இரண்டாவது இறந்தகாலத்தையும், மூன்றாவது எதிர்காலத்தையும் கருதுகின்றன. கப்பல்களின் சுக்கானைத் தானே திருப்பும் முறையை ஆராய்ந்த நிக்கலஸ் மினோர்ஸ்கி, 1922 இல் வெளியிட்ட கட்டுரையில் இம்மூன்றின் கணிதத்தையும் விளக்கினார். அக்கணிதமே இன்று கட்டடங்களில் குளிர்நீர் வால்வையும் விசிறியின் வேகத்தையும் ஆள்கின்றது.

இவ்வடிப்படையை அறிந்தோர் சில பொதுவான தவறுகளைத் தவிர்ப்பர். வெயிலில் நடந்து வந்தவர், அறை விரைவில் குளிரும் என்றெண்ணிக் குளிரூட்டியை 18 பாகைக்குத் திருப்புவதுண்டு. இருநிலை முறையில் இயங்கும் பொறி, 24 எனக் குறித்தாலும் 18 எனக் குறித்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும். வேறுபாடு யாதெனில், 24 இல் நிற்க வேண்டியது நில்லாமல் மேலும் ஓடும், திருப்பியவர் மறந்துவிட்டால் அறை வேண்டாத குளிர் கொள்ளும், மின்கட்டணமும் ஏறும். வேகத்தை மாற்றி இயங்கும் புதுவகைப் பொறிகளும் அறை மிகச் சூடாயிருக்கும்போது தாமே விரைந்து இயங்கத் தொடங்கும். உணர்கருவியை வைக்கும் இடமும் முக்கியமானது. வெயில் படும் சுவரிலோ, விளக்கின் மேற்புறத்திலோ, திரைச்சீலையின் பின்னோ அது இருப்பின், அறையின் நிலையை விட்டு அவ்விடத்தின் நிலையையே அறிவிக்கும். கட்டுப்படுத்தி எத்துணைச் சிறந்ததாயினும், பொய்ச்செய்தி பெற்றால் பிழையான ஆணையே இடும்.

வெப்பநிலைக்கு அடுத்து மனிதன் வசப்படுத்தியது ஈரப்பதனை. 1902 ஆம் ஆண்டில் நியூயோர்க்கு நகரின் புரூக்கிளின் பகுதியிலிருந்த சக்கெற்-வில்கெல்ம்சு அச்சகம் பெருந்தொல்லையில் இருந்தது. வண்ணப் படங்களை அச்சிட ஒரே தாளை வண்ணத்துக்கு ஒருமுறையாகப் பலமுறை பொறியில் செலுத்த வேண்டும். கோடைக் காற்றின் ஈரம் மாறுந்தோறும் தாள் விரிந்து சுருங்கியது. ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் பொருந்தாது விலகியது. இதனைத் தீர்க்கும் பணி வில்லிஸ் கரியர் என்னும் இருபத்தைந்து வயதுப் பொறியியலாளரிடம் வந்தது. அவ்வாண்டு யூலை 17 ஆம் தேதி இடப்பட்ட அவருடைய வரைபடங்களே நவீன வளிச்சீராக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. அச்சகத்தின் சாரீரப்பதனை ஆண்டு முழுவதும் 55 சதவீதத்தில் நிறுத்துவதே அவரது நோக்கமாக இருந்தது. வளிச்சீராக்கத்தின் முதற்பணி தாளைக் காப்பதாக இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மனிதருக்கு இன்பந் தரும் பணி பின்னரே அதனிடம் வந்தது.

கரியர் பயன்படுத்திய தத்துவத்தைச் சில எண்களால் விளக்கலாம். காற்று வெம்மையாயிருக்கும்போது கூடுதலான நீராவியைத் தாங்கும். குளிர்ந்தால் குறைவாகவே தாங்கும். 30 பாகையில் 80 சதவீதச் சாரீரப்பதன் உள்ள காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி உண்டு. அக்காற்றை 24 பாகைக்குக் குளிரச் செய்தால், அது தாங்கக்கூடியது ஏறத்தாழ 22 கிராமே. எஞ்சிய சிறிதளவு நீராகப் பிரியும். காற்றோ முற்றும் நிறைந்த ஈரத்துடன் இருக்கும். அத்தகைய அறை குளிர்ந்திருந்தும் பிசுபிசுக்கும். சுவரில் பூஞ்சணம் படியும். ஆனால், அக்காற்றை 12 பாகை வரை குளிர்த்தால், ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 11 கிராம் மட்டுமே தங்கும். மிகுதியெல்லாம் நீராகி வடியும். பின் அக்காற்று அறையினுட் சென்று 24 பாகைக்கு வெம்மையுறும்போது அதன் சாரீரப்பதன் ஏறத்தாழப் பாதியாகும். காற்று எந்த வெப்பநிலையில் நீரை விடத் தொடங்குகின்றதோ அதற்குப் பனிபடுநிலை என்று பெயர். பனிபடுநிலையைக் கட்டுப்படுத்தினால் ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதே கரியர் கண்ட உண்மை. குளிரூட்டியின் வெளிக்குழாயிலிருந்து சொட்டும் நீர் இவ்வாறு அறைக் காற்றிலிருந்து பிழியப்பட்ட ஈரமே.

இதனின்றும் ஒரு பயனுள்ள பாடம் பிறக்கின்றது. பெரிய பொறி நல்ல பொறி என்று எண்ணி, சிறிய அறைக்கு அளவிற் பெரிய குளிரூட்டியை வாங்குவோர் உண்டு. அது சில நிமிடங்களிலேயே வெப்பநிலையை இறக்கிவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. வெப்பநிலைநிறுத்தியின் கணக்கில் எல்லாம் சரி. அறையிலிருப்பவரின் உடலுக்கோ புழுக்கம். ஈரமிகு நாடுகளில் அளவறிந்து தெரிந்த சிறிய பொறி, நெடுநேரம் இயங்கி, நல்ல காற்றைத் தரும்.

பெரிய கட்டடங்களில் வேறொரு பிழை நிகழ்வதுண்டு. ஈரத்தைப் போக்க மிகக் குளிர்ந்த காற்று அறைக்கு ஒவ்வாததாயின், அதனைச் சற்றே மீளச் சூடாக்க வேண்டும். இவ்வேற்பாடு தவறாக அமையின், ஒரு பொறி குளிரூட்ட, இன்னொரு பொறி சூடாக்க, இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துப் போராடும். அறை வேண்டிய நிலையிலேயே இருப்பதால் உள்ளிருப்போர் எவரும் இதனை உணரார். இதனைத் தடுக்கவே, குளிர்நாடுகளில் வெப்பமூட்டும் எல்லைக்கும் குளிரூட்டும் எல்லைக்கும் இடையே எப்பொறியும் இயங்காத ஓர் இடைநிலம் விடப்படுகின்றது. 20 பாகைக்குக் கீழே வெப்பமூட்டு, 24 பாகைக்கு மேலே குளிரூட்டு, இடையில் இரண்டும் வாளாவிருக்க என்பது அதன் விதி.

மூன்றாவது அளவாகிய புதுக்காற்றையே மனிதன் கடைசியாகக் கவனித்தான். அதன் அறிவியல் புதியதன்று. 1858 ஆம் ஆண்டிலேயே மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மக்ஸ் வொன் பெற்றன்கோபர், மூச்சினால் வெளிப்படும் காபனீரொட்சைட்டை அளந்து அறைக் காற்றின் தூய்மையை மதிப்பிடலாம் என்று காட்டினார். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்குக்கு மேல் அவ்வாயு இருக்குமாயின், அறைக்குப் புதுக்காற்றுப் போதவில்லை என்பது அவர் வகுத்த அளவு. இன்று திறந்த வெளியிலேயே அவ்வாயு நானூற்று இருபது பங்குக்கு மேல் உண்டு. பெற்றன்கோபரின் அளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது. அவ்வளவில் அவ்வாயு பெருந்தீங்கு செய்வது கருதியே அது வகுக்கப்பட்டதன்று. பிறர் விட்ட மூச்சை அறையிலுள்ளோர் எவ்வளவு மீண்டும் உட்கொள்கின்றனர் என்பதற்கு அது சான்று.

அறிவு இருந்தும் அது புறக்கணிக்கப்பட்ட காலம் உண்டு. 1973 இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது, மேலைநாடுகள் எரிபொருளைச் சேமிக்க முனைந்தன. வெளிக்காற்றைச் சூடாக்கவோ குளிரச் செய்யவோ செலவாகும். ஆகவே வெளிக்காற்றைக் குறைத்தனர். யன்னல் திறவாத கட்டடங்கள் எழுந்தன. அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் 1981 இல் வெளியிட்ட நியமத்தின்படி, புகைபிடித்தல் இல்லாத அலுவலகத்தில் ஒருவருக்கு வினாடிக்கு இரண்டரை லீற்றர் வெளிக்காற்றே போதுமென விடப்பட்டது. விளைவு யாது? தலைவலி, கண்ணெரிவு, சோர்வு, தொண்டைக் கரகரப்பு ஆகிய முறைப்பாடுகள் கட்டடம் கட்டடமாக எழுந்தன. கட்டடத்தை விட்டு வெளியேறினால் அவை தணிந்தன. 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழுவொன்று, புதிதாகக் கட்டப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட கட்டடங்களுள் 30 சதவீதம் வரை இத்தகைய முறைப்பாட்டுக்கு உள்ளாகலாம் என மதிப்பிட்டது. 1989 இல் அதே சங்கம் தன் நியமத்தைத் திருத்தி, அலுவலகத்தில் ஒருவருக்கு வினாடிக்குப் பத்து லீற்றர் என உயர்த்தியது. அக்கட்டடங்களின் வெப்பநிலைநிறுத்திகள் அக்காலமெல்லாம் தம் கடமையைச் செய்தன. ஆனால், புதுக்காற்றை அளக்கும்படி எவரும் அவற்றிற்குக் கட்டளையிடவில்லை.

இப்புறக்கணிப்பின் கொடுமையை 2020 ஆம் ஆண்டு மேலும் தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு சனவரி 24 ஆம் தேதி சீனாவின் குவாங்சோ நகரில், யன்னலற்ற உணவகமொன்றின் மூன்றாம் மாடியில், மூன்று குடும்பத்தினர் அடுத்தடுத்த மேசைகளில் பகலுணவு உண்டனர். அவர்களுள் ஒரு குடும்பம் வூகானிலிருந்து வந்தது. அதில் ஒருவருக்குக் கொவிட் நோய் இருந்தது. பின்னர் அம்மூன்று குடும்பங்களிலும் பத்துப் பேர் நோயுற்றனர். ஆராய்ந்தோர் கண்டது யாதெனில், அப்பகுதியின் குளிரூட்டி ஒரே காற்றை அம்மேசைகளின் மேல் சுழலச் செய்தது. வெளியிலிருந்து வந்த புதுக்காற்றோ ஒருவருக்கு வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றரே. பிற மேசைகளில் இருந்தோரும் உணவு பரிமாறியோரும் நோயுறவில்லை. சுவரில் மாட்டப்படும் சாதாரணக் குளிரூட்டி பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. அறைக் காற்றையே மீண்டும் மீண்டும் குளிரச் செய்கின்றது. இதனைப் பலர் அறியார். குளிர்ந்த காற்று எல்லாம் தூய காற்று என்று எண்ணுதல் தவறு.

காற்றை மட்டுமன்றிப் பொறியின் நீரையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு 1976 ஆம் ஆண்டுத் துயரம் சான்று. அவ்வாண்டு யூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பெலவியூ-ஸ்ராற்போர்ட் விடுதியில் முன்னாட் படைவீரர் மாநாடு ஒன்று நடைபெற்றது. முடிந்து வீடு சென்றோர் கடும் நியூமோனியாவால் விழத் தொடங்கினர். மாநாட்டுக்கு வந்தோரும் பிறருமாக 221 பேர் நோயுற்றனர். 34 பேர் மாண்டனர். மாதக்கணக்கில் காரணம் புலப்படவில்லை. 1977 சனவரியில் யோசேப்பு மக்டேட் என்னும் ஆய்வாளர், அதுவரை அறியப்படாத பற்றீரியா ஒன்றைக் கண்டறிந்தார். படைவீரர் சங்கத்தின் பெயரால் அதற்கு இலெசியோனெல்லா எனப் பெயரிட்டனர். வளிச்சீராக்கப் பொறிகளின் வெப்பத்தை வெளியேற்றும் நீர்க்கோபுரங்கள் அக்கிருமிக்கு உகந்த உறைவிடம். இளஞ்சூடான நீரில் அது பெருகி, நுண்துளிகளோடு காற்றிற் பரவும். அவ்விடுதியிலும் அது இவ்வழியே பரவியதாகவே பெரிதும் கருதப்படுகின்றது. இதன் பின்னர், நீர்க்கோபுரங்களை மருந்திட்டுத் தூய்மை செய்தலும் காலந்தவறாது பரிசோதித்தலும் பராமரிப்பின் இன்றியமையாத பகுதியாயின.

இன்று பெரிய கட்டடங்களில் இவ்வளவுகளையெல்லாம் கணனி ஒன்று திரட்டி ஆள்கின்றது. அறையில் ஆட்கள் கூடும்போது காபனீரொட்சைட்டு ஏறுவதை உணர்ந்து வெளிக்காற்றின் கதவை அகலத் திறக்கின்றது. அறை வெறுமையானதும் குறைக்கின்றது. வெளியே இரவுக் காற்று தண்மையாயும் வறட்சியாயும் இருப்பின், குளிரூட்டும் பொறியை நிறுத்திவிட்டு அக்காற்றையே உள்ளே செலுத்துகின்றது. அலுவலகம் முடிந்த பின் பொறிகளை ஓய்விக்கின்றது. இதனால் ஆகும் சேமிப்பு சிறிதன்று. சர்வதேச எரிசக்தி முகவரகம் 2018 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு, கட்டடங்களைக் குளிரச் செய்யும் பொறிகளுக்கும் விசிறிகளுக்குமே செல்கின்றது. பூமி வெம்மையுறும் இக்காலத்தில் அத்தேவை மேலும் பெருகும். அம்மின்சாரத்தில் பெரும்பங்கு எரிபொருளை எரித்தே பெறப்படுவதால், அறையைக் குளிரச் செய்யும் முயற்சியே வெளியுலகை மேலும் சூடாக்குகின்றது. ஆகவே, செம்மையான கட்டுப்பாடு பணத்தோடு தொடர்புடைய செய்தி மட்டுமன்று; வருங்காலத்தாருக்குச் செய்யும் கடமையுமாகும்.

ஆயினும், கணனியும் ஒரு பணியாளே. தனக்குக் காட்டப்பட்டதையே அது காணும். தனக்குக் கூறப்பட்டதையே அது செய்யும். வெப்பநிலையை மட்டும் அளக்கச் சொன்னால் வெப்பநிலையை மட்டுமே காக்கும். ஈரமும் மாசும் நோயும் பெருகினும் தன் கடமை முடிந்ததென்றே இருக்கும். மேலே கூறப்பட்ட துயரங்கள் பலவற்றில் பொறி பழுதாகவில்லை. எதனை அளக்க வேண்டும், எதனைப் பேண வேண்டும் என்று முடிவு செய்த மனிதரே ஒன்றை மறந்தனர்.

ஆதலின், பாடசாலையோ மருத்துவமனையோ மண்டபமோ கட்டுவோரும் நடத்துவோரும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இங்கே அமர்வோர் ஒருவருக்குப் புதுக்காற்று எவ்வளவு கிடைக்கின்றது? காற்றின் ஈரம் அளக்கப்படுகின்றதா? வடிகட்டியும் நீர்த்தொட்டியும் இறுதியாக எப்போது துப்புரவு செய்யப்பட்டன? இவற்றை வினவுவதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. விடை கிடைக்காவிடின், யன்னலையாவது திறந்து வைத்தல் தகும்.